படிப்பு ஏறாத பிள்ளையும் பழைய பேட்டரியும்

மூன்றாம் வகுப்புப் பையன் அவன். வகுப்பில் ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான், நேற்று படித்தது இன்று நினைவில்லை என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். "மண்டையில ஒண்ணும் நிக்கல டாக்டர், மக்கா இருக்கான்" என்றார் அம்மா, அவனை வைத்துக்கொண்டே. ரத்தசோகை இருந்தது. மருந்து எழுதும்போதுதான் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டேன். வீட்டுக்குப் பின்னால் பழைய பேட்டரி உடைக்கிறாராம்.

பேட்டரியின் உள்தகட்டில் இருப்பது காரீயம் (லெட்), மூளையைப் பாதிக்கும் நச்சு உலோகம். அதனால் பையனின் ரத்தத்தில் காரீயம் பார்த்தோம். டெசிலிட்டருக்கு 28 மைக்ரோகிராம். 5 இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதுகாப்பான அளவு என்று எதுவுமே கிடையாது.

லாரி, ஆட்டோ, இன்வெர்ட்டர் பேட்டரிகளை உடைத்து, ஆசிட்டை மண்ணில் கொட்டி, உள்ளே இருக்கும் தகட்டை உருக்குகிறார்கள். தூசி அப்பாவின் சட்டையில் ஏறி வீட்டுப் பாய்க்கு வருகிறது. வீட்டில் உள்ள கைக்குழந்தை அங்கேதான் தவழ்கிறது, விரலை வாயில் வைக்கிறது. ஒரே அளவு காரீயத்தை விழுங்கினாலும் பெரியவர்களைவிட 4, 5 மடங்கு கூடுதலாகச் சிறு குழந்தையின் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். இரும்புச்சத்து, கால்சியம் குறைவாக இருந்தால் இன்னும் அதிகம். வெறும் வயிற்றிலும் அப்படித்தான். 2022-இல் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டத்தை நான் ஒரு மருந்தாகவே பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

செனகல் நாட்டில் தியாரோய் என்ற ஊரில், 2007 கடைசியிலும் 2008 தொடக்கத்திலுமாக 18 குழந்தைகள் இறந்தார்கள். காரணம் இதே பேட்டரித் தொழில். ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. மதிப்பெண் மட்டும் குறையும்.

காரீயத்தை வெளியேற்றும் மருந்தைப் பொதுவாக ரத்தத்தில் அளவு 45-ஐத் தாண்டினால்தான் கொடுப்போம். மூளைக்கு நடந்த சேதத்தை அந்த மருந்தாலும் சரிசெய்ய முடியாது. வரும் வழியை அடைக்கத்தான் வேண்டும். இந்தப் பையனின் அப்பா வேலையை வீட்டைவிட்டு வெளியே மாற்றினார், குளித்து உடை மாற்றிய பிறகே பிள்ளைகளைத் தூக்கினார். தரையை ஈரத்துணியால் துடைத்தார்கள். எட்டு மாதத்தில் 16-க்கு இறங்கியது.

அந்த அப்பாவைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது என்று பேட்டரிக் கழிவு பற்றிய மத்திய அரசின் 2022 விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. அப்புறமும் அவை ஊர்க்கோடியில், கேள்வி கேட்க ஆளில்லாத தெருவில் உடைகின்றன. சுற்றுச்சூழல் பாடம் பள்ளியில் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 1991-இலேயே உத்தரவிட்டது. பாடம் நடக்கிறது. இந்தப் பையன் படிக்கும் பள்ளியைச் சுற்றியுள்ள மண்ணை யாரும் சோதித்ததில்லை.

ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரே தெருவிலிருந்து வரும் இரண்டு மூன்று பிள்ளைகள் படிப்பில் பின்தங்கினால், பெற்றோர் என்ன வேலை செய்கிறார்கள், பக்கத்தில் என்ன எரிகிறது என்று விசாரித்து, ஒரு சீட்டில் எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். வீட்டில் தவழும் தம்பி, தங்கை இருந்தால் அதையும் எழுதுங்கள். அவர்களுக்குத்தான் முதலில் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.