பழைய வெர்ஷனுக்கு யார் காசு கொடுப்பது?

கிளவுட் சேமிப்பு வாங்கும்போது எல்லாரும் ஒரு ஜிபிக்கு எவ்வளவு என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். நேற்று கெடுத்த ஃபைலை முந்தாநாள் இருந்தபடி மீட்க வேண்டும் என்பதுதான் உங்கள் தேவை என்றால், அந்த விலையை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. பழைய வெர்ஷன்களை எப்படி வைக்கிறார்கள், எத்தனை நாள் வைக்கிறார்கள், அந்த இடம் யார் கணக்கில் ஏறுகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் முழு ஃபைலையும் வைத்துக்கொள்வதுதான் எளிய முறை. அமேசானின் கிளவுட் சேமிப்புச் சேவையான எஸ்3-இல் 2010-இல் வந்த வெர்ஷனிங் (பழைய வெர்ஷன்களை வைத்துக்கொள்ளும் வசதி) இப்படிப்பட்டது. 200 எம்பி ஃபோட்டோஷாப் ஃபைலை 20 தடவை ஏற்றினால் 4 ஜிபிக்குப் பில் வரும், நீங்கள் மாற்றியது ஒரு கமாவாக இருந்தாலும் சரி. அழித்தால்? அழித்ததாக மேலே ஒரு குறி விழும், அவ்வளவுதான். பழசை நீக்கச் சொல்லி நீங்களாக விதி போடாதவரை கீழே அத்தனையும் கிடக்கும், வாடகையும் ஓடும்.

இன்னொரு முறை, வெட்டி வைப்பது. டிராப்பாக்ஸ் ஃபைலை 4 எம்பி துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் எஸ்ஹெச்ஏ-256 என்ற முறையில் ஹாஷ், அதாவது உள்ளடக்கத்தின் கைரேகை மாதிரியான ஓர் எண், கணக்கிடுகிறது. அதே ஹாஷ் ஏற்கெனவே இருந்தால் அந்தத் துண்டை மறுபடி அனுப்பத் தேவையில்லை. புது வெர்ஷன் என்பது எந்தெந்தத் துண்டு எந்த வரிசையில் என்ற ஒரு பட்டியல்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஃபைலின் தொடக்கத்தில் ஒரே ஓர் எழுத்தை நுழைத்துப் பாருங்கள்: ரேஷன் கடை வரிசையில் முன்னால் ஒருவர் புகுந்தால் பின்னால் நிற்கிற எல்லாருடைய இடமும் மாறுகிற மாதிரி, அத்தனை துண்டுகளும் ஓர் எழுத்து நகர்ந்து, எல்லா ஹாஷும் மாறிவிடும். இதற்குக் கைகொடுக்கும் உத்தியை 1996-இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கரஸ் இருவரும் ஃபைலில் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் ஆர்சிங்க் என்ற மென்பொருளில் பயன்படுத்தினார்கள். ஒரு சிறிய சன்னலை ஃபைலின் மேல் பைட் பைட்டாக நகர்த்திக்கொண்டே, அதற்குள் தெரியும் பைட்டுகளுக்கு ஒரு கூட்டு எண் போட்டுக்கொண்டே போவது; வெளியேறும் பைட்டைக் கழித்து, உள்ளே வருவதைக் கூட்டினால் அடுத்த கூட்டு எண் தயார், முழுதும் மறுபடி கணக்கிட வேண்டாம். ரெஸ்டிக், போர்க் போன்ற இலவச பேக்கப் மென்பொருள்கள் அதே மாதிரி நகரும் எண்ணை வைத்து எங்கே வெட்டுவது என்றே தீர்மானிக்கின்றன. எண்ணின் கடைசி 20 பிட்டும் (0 அல்லது 1 ஆகிய இலக்கங்கள்) பூஜ்யமானால் வெட்டு என்று வைத்தால், சராசரியாகப் பத்து லட்சம் பைட்டுக்கு ஒரு வெட்டு விழும். உள்ளடக்கமே இடத்தைச் சொல்வதால், முன்னால் எழுத்து நுழைந்தாலும் பெரும்பாலும் முதல் துண்டோடு பாதிப்பு நின்றுவிடும். ஜிப் செய்த ஃபைலில் மட்டும் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது, உள்ளே சின்ன மாற்றம் செய்தாலும் அதற்கப்புறம் வரும் பைட்டுகள் நிறைய மாறிவிடும். வேர்ட் ஃபைலும் உள்ளுக்குள் ஜிப்தான்.

சரி, எத்தனை நாள்? டிராப்பாக்ஸின் பேசிக், பிளஸ் கணக்குகளில் 30 நாள், பழைய வெர்ஷன்கள் உங்கள் இடத்தில் கழியாது. கூகுள் டிரைவில் ஏற்றிய ஃபைலுக்கு 30 நாள் அல்லது 100 வெர்ஷன். நிரந்தரமாக வைக்கச் சொல்லிக் குறித்தால் இருக்கும், ஆனால் அது உங்கள் இடத்தில் கழியும். ஒன்டிரைவ் தனிநபர் கணக்கில் கடைசி 25 வெர்ஷன். 30 நாள் போதாது என்பேன். வருமான வரிக் கணக்கு ஷீட்டை வருஷத்துக்கு ஒரு தடவைதான் திறக்கிறோம், அது கெட்டது தெரிவதற்குள் கெடு தாண்டியிருக்கும்.

கமாண்ட் லைனுக்கு (கட்டளைகளைத் தட்டச்சு செய்து வேலை வாங்குவதற்கு) பயப்படாதவர்களுக்கு மலிவான வழி, ரெஸ்டிக்கை பேக்பிளேஸ் நிறுவனத்தின் கிளவுட் சேமிப்பான பி2-வோடு சேர்ப்பது. பி2 டெராபைட்டுக்கு மாதம் 6 டாலர் என்று 2023 அக்டோபரில் விலை வைத்தது. அந்தக் கணக்கில் 200 ஜிபிக்கு 1.20 டாலர். தினசரி பிரதி ஏழு, மாதாந்திரப் பிரதி பன்னிரண்டு வைத்துக்கொள் என்று ரெஸ்டிக்கிடம் சொன்னால் மற்றதைக் கழித்துவிடும். கடவுச்சொல் தொலைந்தால் மட்டும் யாராலும் திறக்க முடியாது, எழுதி வையுங்கள். வசாபி என்ற இன்னொரு சேமிப்புச் சேவையும் மலிவுதான், ஆனால் சாதாரணத் திட்டத்தில் எதை அழித்தாலும் 90 நாளுக்குக் காசு உண்டு, அடிக்கடி மாறும் ஃபைலுக்கு அது தோதுப்படாது.

எதை எடுத்தாலும் பணம் கட்டுவதற்கு முன் ஒரு 100 எம்பி டெக்ஸ்ட் ஃபைலை ஏற்றி, முதல் வரியில் ஓர் எழுத்தைச் சேர்த்து மறுபடி ஏற்றுங்கள். எத்தனை எம்பி போகிறது என்று பாருங்கள். அப்புறம் பழைய வெர்ஷனை இறக்கி, அது திறக்கிறதா என்றும் பாருங்கள்.