அவயத்தில் கூமுட்டை விழுவது ஏன்?

சித்திரையில் பன்னிரண்டு முட்டையை அவயத்துக்கு, அதாவது கோழி அடைகாக்க, வைத்து நாலு குஞ்சுதான் வந்தது, மற்றதெல்லாம் பொரிக்காத கூமுட்டை என்றால், பழி முதலில் சேவல் மேல்தான் விழும். சேவல் நன்றாக இருக்கிற வீட்டிலும் இது நடக்கிறது. அங்கெல்லாம் முட்டையைச் சேர்த்து வைத்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கோழியின் உடம்புச் சூடு சுமார் 41 டிகிரி செல்சியஸ். கருவுற்ற முட்டை அந்தச் சூட்டில் ஏறக்குறைய ஒரு நாள் இருந்துவிட்டுத்தான் வெளியே வருகிறது. அதாவது இட்ட முட்டைக்குள் கரு ஏற்கெனவே பல ஆயிரம் செல்லாகப் பிரிந்திருக்கும். சூடு ஆறியதும் வளர்ச்சி நின்று உறங்கிப் போகும். நன்றாக உறங்க 20 டிகிரிக்குப் பக்கத்தில் குளிர்ச்சி வேண்டும். கரூர் பரமத்தி, ஈரோட்டுப் பக்கம் கத்திரி வெயில் 40ஐத் தாண்டும்போது, ஓட்டு வீட்டு அட்டாலியில் (பரணில்) இருக்கும் முட்டைக்கு 33, 34 டிகிரி சாதாரணம். ஒழுங்காக வளர அந்தச் சூடு போதாது; உறங்கவும் விடாது. கரு தாறுமாறாகப் பிரிந்து, கோழி ஏறி உட்காருவதற்கு முன்னாலேயே வலுவிழந்துவிடும்.

அதற்காக ஃப்ரிட்ஜில் வைக்கிறார்கள், அதுவும் சரியில்லை. 4, 5 டிகிரியில் நாள்கணக்கில் கிடந்தால் கரு கெடும். வெளியே எடுத்ததும் ஓட்டில் வியர்க்கும் ஈரத்தோடு கிருமியும் துளை வழியே உள்ளே போகும். பழைய முறையே மேல். மண்பானையைப் பாதி ஈரமணலில் புதைத்து, உள்ளே முட்டைகளைக் கூர்முனை கீழாக வைத்து, வாயைக் காடாத் துணியால் மூடி, மணலுக்குக் காலை மாலை தண்ணீர் தெளித்தால் போதும். மார்கழி, தையில் 7 நாள் முட்டை வரை சேர்க்கலாம். சித்திரை, வைகாசியில் 3, 4 நாளுக்கு மேல் வேண்டாம். அழுக்கு முட்டையைக் கழுவக் கூடாது. ஓட்டின் துளைகளை மூடியிருக்கும் மெல்லிய பூச்சு போய்விடும். காய்ந்த துணியால் துடைத்தால் போதும். ரொம்ப அழுக்கானதைக் குழம்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றின் வழியேதான் கரு மூச்சு வாங்குகிறது, தண்ணீரையும் இழக்கிறது. அவயம் வைத்த பதினெட்டு நாளில் முட்டை தன் எடையில் 12 சதவீதம் குறைய வேண்டும். 42 கிராம் நாட்டுக்கோழி முட்டை 37 கிராமுக்கு வரவேண்டும். சின்ன நகைத் தராசில் இது தெரியும். குறைவாக இழந்தால் மொட்டை முனையில் காற்றறை சிறுத்து, குஞ்சு ஊதிப்போய்த் திரும்ப இடமில்லாமல் சாகும். அதிகமாக இழந்தால் உள்சவ்வு தோல்போலக் காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக்காற்று அடிக்கும் பல்லடம், தாராபுரம் பக்கம் இரண்டாவதுதான் தொல்லை. கோழி அவயம் உட்காரும் கூடையில் மூன்று விரல் உயரம் ஈரமணல், அதன் மேல் வைக்கோல் போட்டு, காற்றுக்கு மறைவான மூலையில் வையுங்கள். கோழியைக் கடிக்கும் செள்ளுப் பூச்சிக்குச் சாம்பலும் காய்ந்த வேப்பிலையும் போடலாம். இடிக்குப் பயந்து இரும்புத் துண்டும் வரமிளகாயும் போடுவதால் கெடுதல் இல்லை, பலனும் இல்லை.

மற்றதைக் கோழி பார்த்துக்கொள்ளும். புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறியதும் அதற்கு நெஞ்சு இறகு உதிர்ந்து தோல் வெளியே தெரியும். ரத்தக் குழாய்கள் தடித்து, அந்தத் தோல் முட்டைக்கு நேராகச் சூடு கொடுக்கும். நாளுக்குப் பல தடவை முட்டையைப் புரட்டும். புரட்டாவிட்டால் கரு சவ்வில் ஒட்டிவிடும். தீனிக்கு இறங்கும் 15, 20 நிமிடத்தில் முட்டை ஆறினால் பயப்பட வேண்டாம். சிறுவிடை என்ற சின்ன ரக நாட்டுக்கோழி என்றால் 10, 12 முட்டைக்கு மேல் வைக்காதீர்கள். ஓரத்து முட்டைகள் மாறி மாறிக் குளிர்ந்து, எல்லாமே கெடும். நாமக்கல் பண்ணை வெள்ளை முட்டையை வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. அங்கே சேவலே கிடையாது. எத்தனை நாள் உட்கார்ந்தாலும் பொரிக்காது.

ஏழாம் நாள் ராத்திரி, அட்டையில் ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்ன ஓட்டை போட்டு, செல்போன் டார்ச் மேல் வைத்து, முட்டையின் மொட்டை முனையை அதில் அமர்த்துங்கள். சிலந்தி போல நரம்பு பரவி நடுவில் கரும்புள்ளி அசைந்தால் கரு உயிரோடு இருக்கிறது. சிவப்பாய் ஒரு வளையம் மட்டும் தெரிந்தால் சில நாள் வளர்ந்து செத்தது. ஒன்றுமே தெரியாததைத் தட்டில் உடைத்துப் பாருங்கள். மஞ்சள்கரு மேல் கடுகளவு வெள்ளைப் புள்ளி மட்டும் இருந்தால் சேவல் சேராத முட்டை. காசளவுக்கு வெளிறிய படலம் பரவியிருந்தால், கரு உண்டாகி ஆரம்பத்திலேயே இறந்தது. முதல் வகை நிறைய வந்தால் சேவலை மாற்றுங்கள். எட்டு பத்துப் பெட்டைக்கு ஒன்று இருக்க வேண்டும். இரண்டாவது வகை நிறைய வந்தால் முட்டை சேர்த்து வைக்கும் இடத்தை மாற்றுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: பெட்டையின் உடம்பில் விந்து பத்து நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். சாதி பார்த்துப் புதுச் சேவல் விடுபவர்கள் மூன்று வாரம் போன பிறகே முட்டை எடுக்க வேண்டும்.

பத்தொன்பது, இருபதாம் நாளில் குஞ்சு காற்றறைக்குள் அலகை நுழைத்து முதல் மூச்சு விடும். பிறகு ஓட்டில் விரிசல் விழும். அதிலிருந்து வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் ஆகும். பார்ப்பதற்குச் சிக்கிக்கொண்டது போலத்தான் இருக்கும். ஓட்டுச் சவ்வில் ஓடும் ரத்தமும் மிச்ச மஞ்சள்கருவும் உடம்புக்குள் போகும் நேரம் அது. இரக்கப்பட்டு உரித்தால் ரத்தம் கசிந்து குஞ்சு போய்விடும். உள்ளே போன மஞ்சள்கருவே இரண்டு நாளுக்குத் தீனி. அதனால் முதலில் வந்ததைக் கூடையிலேயே விட்டுவிட்டுப் பிந்தியவற்றுக்குக் காத்திருக்கலாம். 21ஆம் நாள் வராததை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு அசைகிறதா என்று பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்து குஞ்சு மூழ்கும். டார்ச்சில் மறுபடி பாருங்கள். 23ஆம் நாள் வரை விடுங்கள்.