மேஜிக்கின் வாலில் ஒரு ‘கே’

ஆங்கிலத்தில் இரண்டு மேஜிக் உண்டு. மேடையில் தொப்பிக்குள்ளிருந்து முயலை எடுக்கிற மேஜிக் ‘சி’ எழுத்தோடு முடியும். இன்னொன்றின் வாலில் ஒரு ‘கே’ ஒட்டிக்கொண்டிருக்கும். உச்சரிப்பு ஒன்றே. கண்ணுக்கு மட்டும் தெரிகிற இந்த வேறுபாடு தமிழ் எழுத்தில் காணாமல் போய்விடும். அதனால் தமிழில் எழுதுகிறவர் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் தேடாமல் தப்ப முடியாது.

‘கே’ புதிதன்று. 17ஆம் நூற்றாண்டு ஆங்கில நூல்களில் அப்படி எழுதுவது சாதாரணம். வழக்கொழிந்த அந்த எழுத்தை மறுபடி எடுத்து ஒட்டியவர் மறைவித்தைகளைப் பழகி எழுதிய ஆங்கிலேயர் அலிஸ்டர் க்ரௌலி (1875–1947). கைவித்தைக்காரர்களோடு தன்னைச் சேர்த்து எண்ணிவிடக் கூடாது என்பது அவர் கவலை. இச்சைக்கு இணங்க மாற்றத்தை நிகழ்த்தும் அறிவியலும் கலையும் என்று அதற்கு இலக்கணம் சொன்னார். கருதிச் செய்கிற செயல் எதுவானாலும் மேஜிக்தான் என்று அதை நீட்டவும் செய்தார். இவ்வளவு அகலமான வலையில் சிக்காதது எது என்று கேட்கத் தோன்றும். அது வேறு வழக்கு.

வேர் பாரசீகத்தில் இருக்கிறது. ‘மகு’ என்பது அங்கே பூசாரி வகுப்பாரின் பெயர். கிரேக்கர் அதை ‘மாகோஸ்’ ஆக்கினார்கள். அயலூர்ப் பூசாரி என்பதால் கொஞ்சம் மரியாதை, கொஞ்சம் சந்தேகம். இந்த இரட்டைப் பார்வை நம் பழைய தமிழ் பைபிளிலேயே பதிவாகியிருக்கிறது. பெத்லகேமுக்கு நட்சத்திரம் பார்த்து வந்தவர்களைக் கிரேக்க மூலம் மாகோஸ் என்கிறது. தமிழில் அவர்கள் ‘சாஸ்திரிகள்’. அப்போஸ்தலர் நடபடிகளில் பவுலை எதிர்க்கும் பர்யேசுவுக்கும் மூலத்தில் அதே சொல்தான். தமிழில் அவன் ‘மாயவித்தைக்காரன்’. ஏற்காட்டு மாதா கோவில்களில் கிறிஸ்துமஸ் குடில் பார்த்து வளர்ந்தவர்களுக்குக்கூட இவர்கள் சொல்லளவில் ஒரே சாதி என்பது வியப்பாகத்தான் இருக்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? மேடை வித்தைக்குப் பஞ்சமில்லை: செப்படி வித்தை, கண்கட்டு வித்தை, ஜாலம். ‘கே’ மேஜிக்குக்குப் பலரும் போடும் சொல் மாந்திரீகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சேலம் பக்கம் ஒரு வீட்டில் குழந்தை ராத்திரியில் வீறிட்டு அழுதால் மந்திரிச்சுக் கயிறு கட்டுவார்கள். நன்றாக ஓடிய கடை திடீரென்று படுத்தால் ‘யாரோ செய்வினை வெச்சுட்டாங்க’ என்பார்கள். மாந்திரீகம் என்றதும் தகடு, மை, பில்லி, சூனியம், வசியம், மாரணம் என்று மனம் ஓடிவிடுகிறது. பிறர்மேல் ஏவுவதுதான் அந்தச் சொல்லின் மணம். க்ரௌலி சொன்னதில் பெரும்பகுதி தன்னைத்தானே பழக்கிக்கொள்வது.

மந்திரம் என்ற சொல்லுக்குப் பழைய கௌரவம் வேறு. ‘நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப’ என்கிறது தொல்காப்பியம். இதில் ‘ஆணை’ என்பதைக் கவனிக்க வேண்டும். சொல்கிறவனின் திண்ணம் சொல்லுக்குள் இறங்கியிருக்கிறது. இச்சை என்று க்ரௌலி பிடித்துத் தொங்கிய இடம் இதற்குப் பக்கத்தில்தான்.

அதைவிடப் பொருத்தமாக எனக்குப் படுவது ‘சித்து’. வடமொழியில் கைகூடுதல், நிறைவேறுதல் என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்தது. சித்தம் என்பதோடு இதை முடிச்சுப் போடுகிறார்கள். அது வேறு வேர். சேலத்துக்காரருக்கு இந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம், கஞ்சமலை இருக்கிறது. அமாவாசைக்குச் சித்தர் கோவிலில் கூட்டம் நெரியும். அங்கே சொல்லப்படும் கதையில், குருவுக்குச் சோறாக்கிய சீடன் கையில் கிடைத்த குச்சியை ஒடித்துக் கிளறுகிறான். சோறு கறுத்துவிடுகிறது. பயந்துபோய்த் தானே அதைத் தின்கிறான். முதுமை போய் இளமை வருகிறது. சித்தர் கதைதான், ஆனால் க்ரௌலியின் இலக்கணத்தில் தேறாது. மாற்றம் உண்டு, இச்சை இல்லை. மூலிகையின் வேலை அது.

இனி மேஜிக்கோடு அடிக்கடி குழப்பப்படும் மிஸ்டிசிசம், அதாவது பரம்பொருளோடு ஒன்றுகிற அனுபவத்தைத் தேடும் வழி. இதன் வேர் கிரேக்கத்தில் மூடுதல். கண்ணை மூடுதல் என்றும் வாயை மூடுதல் என்றும் கொள்வார்கள். பழைய கிரேக்கத்தின் எலூசிஸ் ஊர்ச் சடங்குகளில் தீட்சை பெற்றவர் கண்டதை வெளியே சொல்லக் கூடாது. அந்த ரகசியம் பின்னாளில் சொல்லுக்கு எட்டாத அனுபவம் என்று பொருள் மாறியது. மேஜிக் பெற விரும்புகிறது, மிஸ்டிசிசம் கொடுக்க விரும்புகிறது என்று 1911இல் ஆங்கில எழுத்தாளர் ஈவ்லின் அண்டர்ஹில் பிரித்துச் சொன்னார். நமக்கு இது புதுச்செய்தி இல்லை. மதயானையை வசமாக நடத்தலாம், கரடி புலியின் வாயைக் கட்டலாம், நெருப்பில் இரசம் வைத்து ஐந்து உலோகத்தையும் பொன்னாக்கி விற்றுப் பிழைக்கலாம் என்று சித்துகளை வரிசையாக அடுக்கிவிட்டுத் தாயுமானவர் முடிக்கிறார்: ‘சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறமரிது’. வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

ஆனால் இரண்டுக்கும் நடுவே சுவர் எழுப்பிவிட முடியாது. 1901இல் கண்டியில் க்ரௌலிக்கு யோகம் பழக்கியவர் நண்பர் ஆலன் பென்னட். பென்னட் அதைக் கற்றது கொழும்பில், பொன்னம்பலம் இராமநாதனிடம். அந்தச் சைவத் தமிழர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பென்னட் ஆசிரியராக இருந்தார். ‘கே’ மேஜிக்கின் அடித்தளத்தில் மனத்தை ஒடுக்கும் பயிற்சி இப்படித்தான் வந்து சேர்ந்தது. நோக்கம் எங்கே திரும்புகிறது என்பதில்தான் பிரிவு: ஒடுக்கிய மனத்தைக் கருவியாக எடுப்பவர் சித்துக்காரர், அங்கேயே கரைந்துபோகிறவர் மற்றவர்.

மிஸ்டிசிசத்துக்கு ‘மறைஞானம்’ பரவலாகிவிட்டது. மறை என்றால் வேதமும் ஆகும் என்பது அதன் சங்கடம். சைவ சந்தான குரவரான மறைஞான சம்பந்தரின் பெயரில் இருப்பது ரகசியமா வேதமா என்று படிப்பவர் தடுமாறுவார். நேரடியாக உணர்ந்தறிதல் என்ற பொருளில் ‘அனுபூதி’ ஏற்கெனவே அருணகிரிநாதர் காலத்திலிருந்து புழங்குகிறது. என் கணக்கில் மேடைக்கு ஜாலம், ‘கே’ உள்ளதற்குச் சித்து, மிஸ்டிசிசத்துக்கு அனுபூதி. க்ரௌலி மாதிரி ஆட்களைச் சித்தர் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், கஞ்சமலைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.