ஆறடி ஆழத்திலிருந்து வரும் பாட்டு: பிள்ளையின் ஹெட்ஃபோனைக் கண்டு பயப்படும் பெற்றோருக்கு

மூன்று தாள்கள். பாட்டு வரிகளை இரண்டு பக்கமும் அச்சடித்து, சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டுக் கொண்டுவந்திருந்தார் அந்த அப்பா. அழுத்திய வேகத்தில் சில இடங்களில் தாள் கிழிந்தே போயிருந்தது. "படிச்சுப் பாருங்க மேடம். பொணம், ரத்தம், சவக்குழி. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் இதைத்தான் கேக்குறான்" என்றார். பக்கத்து நாற்காலியில் 16 வயதுப் பையன். அறைக்குள் வந்ததிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

முதல் தாளைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. கிரேவ்டிகாஸ் குழுவின் 'சிக்ஸ் ஃபீட் டீப்' (ஆறடி ஆழத்தில்), 1994-இல் வந்த ராப் ஆல்பம். கல்லூரி நாளிலிருந்து நான் கேட்டுவரும் ஆல்பம் அது. அப்பாவிடம் அதை உடனே சொல்லவில்லை. பையனிடம் மட்டும் ஒன்று கேட்டேன்: "இதுல உனக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்?" அப்போதுதான் நிமிர்ந்தான்.

வளரிளம் பருவத்தினருக்கு ஆலோசனை வழங்குவது என் தொழில். பிள்ளை கேட்கும் பாட்டை நோயின் அறிகுறியாக எண்ணிப் பதறிப்போய் வரும் பெற்றோரை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்த ஆல்பத்தின் ரசிகையாகவும் எழுதுகிறேன், அதை மறைக்கப் போவதில்லை. இங்கே சொல்லும் சம்பவங்களில் ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் அந்த ஆல்பத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1989-இல் டி லா சோல் குழுவின் முதல் ஆல்பத்தைத் தயாரித்தவர் பிரின்ஸ் பால். 'மூன்றடி உயரம், இன்னும் ஏறுகிறது' என்று பொருள்படும் தலைப்பு, அட்டை முழுக்கக் கண்ணைப் பறிக்கும் நிறங்களில் பூக்கள். ராப் இசையில் அவ்வளவு குதூகலம் அதுவரை அபூர்வம். ஐந்தே வருடத்தில் அதே மனிதர் ஆறடி ஆழத்துக்கு இறங்கிவிட்டார். இடையில் தொழிலில் அவருக்குப் பலத்த சறுக்கல். தன்னைப் போலவே அடிபட்டிருந்த மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டார்: ஃபுருக்வான், பொயட்டிக், ரிஸா. நால்வருமே ஏதாவது ஒரு கட்டத்தில் டாமி பாய் என்ற இசை நிறுவனத்தோடு தொடர்பு கொண்டிருந்து மனக்கசப்போடு வெளியே வந்தவர்கள். வூ-டாங் கிளான் என்ற ராப் குழுவின் மூளை என்று பின்னாளில் கொண்டாடப்பட்ட ரிஸாவையே, 1991-இல் ஒரு சிறிய இசைத்தட்டு வந்ததோடு அந்த நிறுவனம் கைகழுவிவிட்டது.

கலையுலகில் செத்துப்போனவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட நான்கு பேர், 'சரி, பிணமாகவே பாடுகிறோம்' என்று கிளம்பினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது இந்த ஆல்பம். ஆளுக்கொரு வேடப் பெயர். ஒருவர் அண்டர்டேக்கர், அதாவது இறுதிச் சடங்கு செய்பவர். ஒருவர் வாயிற்காவலர். பொயட்டிக் உயிரை அறுவடை செய்ய வரும் கிரிம் ரீப்பர். ரிஸா, மாண்டவரை எழுப்புகிறவர். குழுவின் பெயருக்குக் குழி வெட்டுபவர்கள் என்று அர்த்தம். அவர்கள் தோண்டியெடுக்க நினைத்தது மனத்தளவில் செத்துக் கிடப்பவர்களை. அமெரிக்கக் கறுப்பினத்தவரிடையே பரவிய ஐந்து சதவீதத்தார் இயக்கத்தின் போதனை அது. பெரும்பான்மை மக்கள் உண்மையறியாமல் உறங்கிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களைத் தட்டி எழுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். இது தெரியாமல் வரிகளை மட்டும் அச்சடித்துப் படித்தால் வெறும் ரத்தம்தான் தெரியும்.

அந்தப் பையன் சொன்ன பாட்டு 'டைரி ஆஃப் எ மேட்மேன்'. ஒரு நீதிமன்றக் காட்சியோடு தொடங்கும். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர்கள், தங்களுக்குள் தீய ஆவி புகுந்துவிட்டது என்று வாதாடுகிறார்கள். பிறகு ஆளுக்கொரு சாட்சியம். யார் குரல் எங்கே நுழைகிறது, எந்த இடத்தில் பீட் மாறாமலேயே பயம் ஏறுகிறது என்று அவன் விளக்கியபோது, அவனுடைய இரண்டு கைகளும் மேஜைமேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. அப்பா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பல வாரங்களாக வீட்டில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத பிள்ளை அவன்.

"எப்பலேர்ந்து கேக்குற?"

"கூடப் படிச்சவன் ஒருத்தன் ஆக்சிடென்ட்ல செத்ததுலேர்ந்து."

அப்பா சட்டென்று குறுக்கிட்டார்: "அதையெல்லாம் இப்ப எதுக்கு?"

பையன் என்னைப் பார்த்துச் சொன்னான்: "வீட்ல எல்லாரும் அவன் போயிட்டான், தவறிட்டான், சாமிகிட்ட இருக்கான்னுதான் சொல்றாங்க மேடம். செத்துட்டான்னு யாருமே சொல்லல. இந்தப் பாட்டுல இருக்கவங்க மட்டும்தான் செத்துட்டாங்கன்னு சொல்றாங்க. புதைக்கிறாங்க. மண்ணுன்னு சொல்றாங்க."

இத்தனை வருட அனுபவத்தில் இந்த ஆல்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான விமர்சனத்தை நான் கேட்டதில்லை. வீட்டில் அத்தனை பேரும் தவிர்த்த சொல்லைத் தவிர்க்காத ஒரே இடம் அவனுடைய ஹெட்ஃபோன்தான். நல்லெண்ணத்தில்தான் தவிர்த்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மௌனத்தில் அவன் தனியாகிவிட்டான்.

கோரத்தைப் பாடுவது மனம் கெட்டவர்களின் வேலை என்று நம்புகிறவர்கள் நம்முடைய கலிங்கத்துப்பரணியை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். போர்க்களத்தில் பேய்கள் பிணங்களையும் குருதியையும் கொண்டு கூழ் சமைத்து, பரிமாறி, உண்டு, களித்து ஆடுகின்றன. செயங்கொண்டார் அதைப் பாடி ஏறக்குறைய 900 ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பேய்கள் பயமுறுத்துகின்றன, சிரிக்கவும் வைக்கின்றன. அதைப் பாடமாகவே படிக்கிறோம். படித்ததால் யாருடைய பிள்ளையும் கெட்டுப்போனதாக நாம் கவலைப்படவில்லை.

ராப் என்றால் மட்டும் நம் காது வேறு மாதிரிக் கேட்கிறது. இதை அமெரிக்காவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கேரி ஃபிரைட் என்ற உளவியலாளர் 1990-களில் செய்த ஆய்வு அது. காவலர் ஒருவரைச் சுட்டவனின் கதையைச் சொல்லும் பழைய நாட்டுப்புற இசைக் குழு ஒன்றின் பாட்டு வரிகளை எடுத்துக்கொண்டார். சிலரிடம் இது ராப் என்றும் சிலரிடம் இது கன்ட்ரி என்ற அமெரிக்கக் கிராமிய இசை என்றும் சொல்லிப் படிக்கக் கொடுத்தார். எழுத்து மாறவில்லை, பெயர் மட்டும்தான் வேறு. ராப் என்று சொல்லிக் கொடுக்கப்பட்டவர்களுக்கு அதே வரிகள் அதிக ஆபத்தானவையாகத் தெரிந்தன. 2016-இல் கலிபோர்னியாவில் வேறு ஆய்வாளர்கள் மறுபடி செய்து பார்த்தபோதும் அதே கதைதான். அமெரிக்காவில் ராப் வரிகளை நீதிமன்றத்தில் ஒப்புதல் வாக்குமூலம் போலக் காட்டும் வழக்கம் இருந்துவருகிறது. அதற்குக் கடிவாளம் போடக் கலிபோர்னியா 2022-இல் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

கேட்பவர்களின் மனம் மரத்துப்போய்விடுமா என்பது பெற்றோர் கேட்கும் அடுத்த கேள்வி. கோர வரிகள் கொண்ட டெத் மெட்டல் என்ற அதிரடி ராக் இசையின் ரசிகர்களை வைத்து ஆஸ்திரேலியாவின் மக்வாரி பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு 2019-இல் வெளியானது. ஒரு கண்ணுக்கு வன்முறைப் படம், மறு கண்ணுக்குச் சாதாரணப் படம் என ஒரே நேரத்தில் காட்டினார்கள். வன்முறைக் காட்சியை உடனே கவனித்து எச்சரிக்கையாகும் அனிச்சை நம் எல்லோருக்கும் உண்டு. அந்த ரசிகர்களிடமும் அது மற்றவர்களைப் போலவே இருந்தது, மழுங்கவில்லை. எதிர்த்தரப்பு ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். வன்முறை வரிகள் உள்ள பாட்டைக் கேட்ட உடனே கோப எண்ணங்கள் கூடுவதாக கிரேக் ஆண்டர்சன் குழு 2003-இல் காட்டியது. அது பாட்டு முடிந்த சற்று நேரத்தில் அளந்தது. ஒரு பிள்ளையின் குணம் மாறிவிட்டது என்று அதிலிருந்து முடிவு கட்ட முடியாது.

இதனால் ஹாரர்கோர் எனப்படும் இந்தக் கோர ராப் எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். இந்த வகையில் பெண்களின் உடலைச் சிதைப்பதையே வேடிக்கையாக்கும் ஆல்பங்கள் இருக்கின்றன. அவற்றை நான் கேட்பதில்லை, யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். 'சிக்ஸ் ஃபீட் டீப்' ஆல்பத்திலேயே, தற்கொலை உதவி எண்ணைக் கேலி செய்வதுபோலத் தலைப்பு வைத்த ஒரு பாட்டு உண்டு. அது கறுப்பு நகைச்சுவை என்று ரசிகையாக எனக்குத் தெரியும். ஆனால் சாக வேண்டும் என்ற நினைப்போடு என் எதிரே ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது, அந்த ஒரு பாட்டை மட்டும் கொஞ்ச நாள் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்வேன். சுளுக்கிய காலை ஊன்ற வேண்டாம் என்று சொல்வதுபோலத்தான் அது. கால் சரியான பிறகு நடந்துகொள்ளட்டும்.

தற்கொலையைப் பற்றிப் பாடுவதே தவறு என்றும் சொல்லமாட்டேன். லாஜிக் என்ற ராப் கலைஞர் 2017-இல் அமெரிக்காவின் உண்மையான தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையே பாட்டின் தலைப்பாக வைத்தார். சாக நினைத்தவர் உதவி கேட்டு மீள்வதுதான் பாட்டின் கதை. அந்தப் பாட்டு அதிகம் பேசப்பட்ட 34 நாட்களில் அந்த எண்ணுக்கு வழக்கத்தைவிடச் சுமார் 9,900 அழைப்புகள் கூடுதலாக வந்தன. எதிர்பார்த்ததைவிட 245 தற்கொலைகள் குறைவாகப் பதிவாயின. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2021-இல் வந்த ஆய்வு இது. பாட்டுதான் காரணம் என்று அந்த ஆய்வால் அறுதியிட முடியாது. ஆனாலும் பாட்டில் வரும் மனிதன் கடைசியில் என்ன செய்கிறான் என்பதை நான் இப்போதெல்லாம் கூர்ந்து கவனிக்கிறேன். அவன் யாரிடமாவது பேசுகிறானா? பேச ஆள் இருக்கிறதா?

இன்னொரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். 17 வயது. மென்மையான மெலடிப் பாட்டுகளைத் தவிர வேறெதுவும் கேட்காதவள். வீட்டில் யாருக்கும் அவள் பாட்டைப் பற்றிக் கவலை இல்லை. ஒரே வாரத்தில் தனக்குப் பிடித்த பொருட்களையெல்லாம் தோழிகளுக்குக் கொடுத்தாள். பல நாள் தூங்காமல் இருந்தவள் திடீரென்று அமைதியாகி, எல்லோரிடமும் அன்பாகப் பேச ஆரம்பித்தாள். வீட்டார் சரியாகிவிட்டாள் என்று நிம்மதி அடைந்தார்கள். அவள் கொடுத்த வாட்சை வாங்கிக்கொண்ட தோழிக்கு மட்டும் மனசு உறுத்தியது. அந்தத் தோழி ஆசிரியை ஒருவரிடம் சொன்னதால் அவள் உயிரோடு என்னிடம் வந்து சேர்ந்தாள்.

ஆகவே ஹெட்ஃபோனுக்குள் என்ன ஓடுகிறது என்பதைவிட அதைச் சுற்றி என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள். தூக்கமும் சாப்பாடும் மாறியிருக்கிறதா, முன்பு ஆசையாகச் செய்தவற்றை விட்டுவிட்டானா, நண்பர்களிடமிருந்து ஒதுங்குகிறாளா, பொருட்களைக் கொடுத்து விடைபெறுவதுபோல நடக்கிறாளா, 'நான் இருந்து என்ன ஆகப்போகுது' என்ற பேச்சு வருகிறதா. பாட்டைப் பற்றிப் பேசும்போது 'அந்தப் பாட்டுல வர்றவன்' என்று சொல்லிவந்த பிள்ளை, 'நானும் அப்படித்தான்' என்று சொல்ல ஆரம்பித்தால் அன்றைக்கே உட்கார்ந்து பேச வேண்டும். சாகணும்னு தோணுதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்று பதில் வந்தால் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், மனநல மருத்துவரிடமோ உதவி எண்ணிலோ அன்றே பேசுங்கள்.

தயவுசெய்து பாட்டை அழிக்காதீர்கள். ஃபோனைப் பிடுங்கி எல்லாவற்றையும் அழித்த வீடுகளில் பிள்ளை ஹெட்ஃபோனைக் கழற்றியதைப் பார்த்ததில்லை, கதவைச் சாத்தியதைத்தான் பார்த்திருக்கிறேன். 12, 13 வயதுப் பிள்ளை என்றால் 'இது இப்ப வேண்டாம்' என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆல்பத்தின் அட்டையில் இருக்கும் கறுப்பு வெள்ளை எச்சரிக்கைப் பட்டையும் அதற்குத்தான். ஆனால் சொல்வதற்கு முன் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். தாளில் படிக்காதீர்கள். இந்த இசையில் பாதி அர்த்தம் குரலில் இருக்கிறது, எங்கே நக்கல், எங்கே உண்மையான வலி என்பது அச்சில் வராது.

அந்த அப்பாவிடமும் இதைத்தான் சொன்னேன். பல் கடித்துக்கொண்டு சரி என்றார். மூன்றாவது சந்திப்பில், என் அறையிலேயே, பையன் ஒரு இயர்ஃபோனை அவரிடம் நீட்டினான். மற்றொன்று அவன் காதில். இருவர் தலையும் ஒயரின் நீளத்துக்குள் நெருங்கி வந்தன. அப்பா கண்ணை மூடிக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி, முழுப் பாட்டையும் கேட்டார்.

"இந்தக் கரகரன்னு பேசுறது யாரு?"

"பொயட்டிக்-ப்பா. கேன்சர் வந்திருச்சு அவருக்கு. வந்தப்புறமும் பாடிட்டுத்தான் இருந்தாரு."

"இப்ப இருக்காரா?"

"இல்ல. 2001-ல செத்துட்டாரு."

அப்பா இயர்ஃபோனைக் கழற்றவில்லை. சற்று நேரம் கழித்து, தரையைப் பார்த்தபடி, "உன் ஃபிரெண்டு செத்த அன்னிக்கு நீ ஸ்கூல்லயா இருந்த?" என்று கேட்டார்.

நான் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டேன். அவர்கள் பேசட்டும் என்று.