எவ்வளவு தங்கம் என்று கேட்பதற்கு முன்னால்

பாறைகளை ஆராய்வது என் தொழில். ஒரு மலைக்காட்டில் துளைபோட்டு எடுத்த பாறை உருளைகளை அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, ஒழுகும் ஷெட் ஒன்றில் வைத்திருந்தோம். இரண்டு மழைக்காலம் கழித்து ஒரு பெட்டியைத் தூக்கினால், அடிப்பக்கம் இற்றுப்போய்க் கல்லெல்லாம் கீழே கொட்டியது. கல்லின் மேல் மஞ்சளும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தது. ஈர நீல லிட்மஸ் தாளை வைத்தேன், உடனே சிவந்தது. அமிலம்.

காரணம் பைரைட். பித்தளை போல மினுங்கும், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். செம்பும் தங்கமும் வெள்ளியும் சேர்ந்து கிடைக்கும் பாறைகளில் பெரும்பாலும் இதுவும் இருக்கும். மண்ணுக்கடியில் கிடக்கும்வரை தொந்தரவில்லை. உடைத்து வெளியே போட்டுக் காற்றும் மழையும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகும். அந்த அமிலம் பாறையிலிருக்கும் செம்பு, துத்தநாகம், மாங்கனீசு எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு ஓடையில் இறங்கும்.

மலேசியாவின் சபா மாநிலத்தில், கினபாலு மலைச்சரிவில் ரனாவ் பக்கம் மமுட் என்ற செம்புச் சுரங்கம் இருந்தது. தங்கமும் வெள்ளியும் கூடவே கிடைத்தன. அங்கே ஒரு டன் பாறைக்குச் செம்பு ஏறத்தாழ 5 கிலோ. தங்கம் ஒரு கிராம்கூடத் தேறாது. சரி, மிச்சப் பாறை எங்கே போகும்? கழிவுக் கல்லாக மலையிலேயே குவிந்தது. அரைத்த சேறு லோகான் பள்ளத்தாக்கில் தேங்கியது. 1975-இல் தொடங்கி 1999-இல் மூடினார்கள். வெட்டிய குழியில் மழைநீர் நிரம்பி நீலப்பச்சையாக ஓர் ஏரி உருவானது. பார்த்தால் படம் எடுக்கத் தோன்றும். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு அதில் ஏறத்தாழ 3, அதாவது வினிகருக்குப் பக்கம். வேலை நடந்தது 24 வருடம். அமிலம் அதோடு நிற்கவில்லை.

"சின்னச் சுரங்கம்தானே" என்று என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். எவ்வளவு தங்கம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எவ்வளவு பைரைட் என்று ஒருவரும் கேட்பதில்லை. உங்கள் ஊர்ப்பக்கம் சுரங்கம் வருகிறதென்றால், தோண்டுவதற்கு முன்பே கேளுங்கள். இந்தப் பாறை எவ்வளவு அமிலம் விடும், அதை அடக்கும் சுண்ணாம்புச் சத்து பக்கத்துப் பாறையில் இருக்கிறதா என்று சோதித்துச் சொல்ல முடியும். ஓடைத் தண்ணீரை மழைக்காலத்தில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை பரிசோதித்து, அறிக்கையின் நகலை ஊரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தண்ணீர் மாறினால் ஒப்பிட உங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.

பழைய சுரங்கத்துக்குக் கீழே குடியிருப்பவர்கள் ஓடைக் கற்களைப் பாருங்கள். செங்காவிச் சேறு படிந்திருந்தால் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்புங்கள். தெளிவாக இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். அமிலம் ஏறிய ஓடை பல நேரம் பளிங்கு மாதிரிதான் இருக்கும். கல்லைப் புரட்டினால் ஒரு பூச்சிகூட இருக்காது. அப்புறம், கொதிக்க வைத்துக் குடிப்பதாகச் சொல்பவர்களுக்கு: கொதித்தால் கிருமிதான் சாகும். கரைந்த உலோகம் அப்படியே இருக்கும். தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.