மாவுப்பூச்சி ஓடாது

"சார், எவ்வளவு அடித்தாலும் மாவுப்பூச்சி போகவே இல்லை. இப்போது பெரிசு பெரிசாக வந்து ஓட வேறு செய்கிறது." செம்பருத்திக் கிளையின் படத்தோடு போன வாரம் கைபேசிக்கு வந்த செய்தி இது. வீட்டுத்தோட்டக்காரர்களுக்குப் பயிர்ப் பாதுகாப்பு ஆலோசனை சொல்வது என் வேலை. வெயில் ஏற ஏற இதே படமும் இதே புலம்பலும் வந்துகொண்டே இருக்கும். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, எழுதியே வைத்துவிடுகிறேன்.

வளர்ந்த மாவுப்பூச்சி ஓடாது. குச்சியால் தொட்டாலும் வெள்ளை மாவுபோல் கும்பலாகச் செடியில் ஒட்டிக்கொண்டு, சாற்றை உறிஞ்சியபடி கிடக்கும். நீளமான வெள்ளை மெழுகு இழைகளோடு, அதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக ஒன்று விறுவிறுவென்று நடந்தால், அது மாவுப்பூச்சியைத் தின்ன வந்த பொறிவண்டின் புழு. பெயர் கிரிப்டோலீமஸ். காபிச் செடியின் பச்சைச் செதில்பூச்சியை ஒழிக்க 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். தாய் வண்டு கறுப்பு, தலைப்பக்கமும் பின் நுனியும் ஆரஞ்சு, மிளகைவிடச் சின்னது. ஆய்வுக்கூடங்களில் பரங்கிக்காய் மேல் மாவுப்பூச்சியை வளர்த்து, அதைத் தீனியாகப் போட்டு இந்த வண்டைப் பெருக்குகிறோம். விவசாயிகள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். உங்கள் வீட்டுக்குத் தானாக வந்ததை நீங்கள் அடித்துக் கொல்கிறீர்கள்!

"விஷம் ஒன்றும் அடிக்கவில்லை சார், இயற்கைதான்" என்பார்கள் உடனே. இந்தப் பதிலைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வரும். வேப்பெண்ணெயோ, சோப்புக் கரைசலோ, இஞ்சி பூண்டு மிளகாய்ச் சாறோ, எதுவும் ஆள் பார்த்து வேலை செய்யாது. பொறிவண்டுப் புழு நனைந்தாலும் பாதிப்புதான். எனக்கும் வேப்பெண்ணெயோடு பகை இல்லை. தேவைப்படும் கிளைக்கு மட்டும் நானே சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமையானால் தோட்டம் முழுக்க அடிக்கிற வழக்கம்தான் ஆகாது. முதலில் எறும்பைப் பாருங்கள். மாவுப்பூச்சியின் இனிப்புக் கழிவுக்காக அதற்குக் காவல் நிற்பதும், பொறிவண்டை விரட்டுவதும் எறும்புதான். செடிக்கு எறும்பு ஏறும் வழியை அடைத்தாலே பாதி வேலை முடிந்தது.

இலையில் முடி போன்ற காம்பின் நுனியில் குட்டி வெள்ளை மணிகள் தெரிந்தால் பூஞ்சணம் என்று துடைக்காதீர்கள். அவை கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகள். பொரிக்கும் புழு, செடிச் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னும். ஆனால் பொறிவண்டு எல்லாமே நல்லது என்றும் நினைத்துவிட வேண்டாம். கத்தரி இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கும் புள்ளி வண்டும் அதே குடும்பம்தான். பளபளப்பு இல்லாமல் மங்கலாக இருக்கும், புழு மஞ்சளாக முள் முள்ளாக இருக்கும். அதைக் கையால் பொறுக்கி எடுத்துவிடலாம்.

அப்புறம் எட்டுக்கால் பூச்சி. அது இலையைத் தின்னாது. "மூத்திரம் பெய்து உடம்பெல்லாம் கொப்புளம்" என்று விளக்குமாற்றைத் தூக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விளக்கு வெளிச்சத்துக்கு வரும் கறுப்பும் ஆரஞ்சுமான சிறு வண்டு ஒன்றைத் தூக்கத்தில் தோலோடு நசுக்கினாலும் அப்படிக் கொப்புளிக்கும். உடம்பின் ஒரே பக்கம் பட்டையாகக் கொப்புளம் வந்தால் அக்கியாக இருக்கலாம். காவி பூசிக்கொண்டு உட்காராமல் அன்றே மருத்துவரிடம் போங்கள். எட்டுக்கால் பூச்சிமேல் பழி போட்டுவிட்டு நாளைக் கடத்த வேண்டாம்.

இரவில் டார்ச்சைக் கண் மட்டத்தில் பிடித்துத் தரையையும் தொட்டிகளையும் பாருங்கள். பொடிப் பொடியாக மின்னுபவற்றில் பல ஓநாய்ச் சிலந்தியின் கண்கள். பகலில் வெண்டை இலைமேல் முள் முள்ளான காலோடு ஒன்று உட்கார்ந்திருக்கும். வலை பின்னாது, பாய்ந்து பிடிக்கும். வலையின் நடுவே பெருக்கல் குறிபோல் வெள்ளைத் தையல் போட்டு, கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து அதன்மேல் வைத்திருப்பது இன்னொன்று. சுவரில் தாவும் குட்டிச் சிலந்தியிடம் விரலை நீட்டினால் திரும்பி உங்களைப் பார்க்கும். பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

சரி, பார்க்கும்போது கையைச் சும்மா வைத்திருங்கள். முருங்கை மரத்தில் அப்பிக் கிடக்கும் கம்பளிப்பூச்சியைத் தொடாதீர்கள். குளவிக் கூட்டைக் குச்சியால் நோண்டாதீர்கள். செங்கல்லையோ தொட்டியையோ நகர்த்தும்போது கையுறை போடுங்கள். அடியில் பூரானோ தேளோ இருக்கலாம். அடிப்பதா வேண்டாமா என்று சந்தேகம் வந்தால், தயவுசெய்து அடிப்பதற்கு முன்னால் படம் எடுத்து அனுப்புங்கள். செத்த புழுவின் படத்தை வைத்து நான் என்ன செய்ய?