வெளிநாட்டில் படிப்பிக்கப் போகும் டீச்சருக்கு: எந்தக் கடதாசி முதலில், எது கடைசியில்

மாலைதீவில் வேலை சரிவந்துவிட்டது, கட்டாரில் ஒரு பள்ளிக்கூடம் கூப்பிட்டிருக்கிறது, இனி விசாவுக்கு எங்கே போக வேண்டும் என்று திருகோணமலையில் நிறைய ஆசிரியர்கள் கேட்கிறார்கள். கேள்வியே கொஞ்சம் பிழையான இடத்தில் தொடங்குகிறது. வேலை விசா என்பது நீங்கள் கொழும்புக்குப் போய் விண்ணப்பப் படிவம் நிரப்பி எடுத்துவரும் சாமான் இல்லை. மாலைதீவோ வளைகுடா நாடுகளோ, உங்களை வேலைக்கு எடுக்கும் பள்ளிக்கூடம்தான் அங்குள்ள அரசாங்கத்திடம் அனுமதி கேட்க வேண்டும், அது கிடைத்த பிறகுதான் விசா. உங்கள் பக்கத்து வேலை வேறு: அவர்கள் கேட்கும்போது நீட்டுவதற்கு உங்கள் கடதாசிகள் சரியான ஒழுங்கில், சரியான முத்திரைகளோடு தயாராக இருப்பது. அந்த ஒழுங்கு தவறினால்தான் திருகோணமலைக்கும் பத்தரமுல்லைக்கும் இடையில் இரவு பஸ்ஸில் அலைய வேண்டி வரும்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்வோம். நீங்கள் அரசாங்க ஆசிரியரா, இல்லையா? தனியார் பள்ளிக்கூடத்திலோ டியூஷன் வகுப்பிலோ படிப்பிக்கிறவர் என்றால் அடுத்த மூன்று பந்திகளைத் தாண்டிப் போகலாம்.

அரசாங்க ஆசிரியர் லீவு அங்கீகாரம் இல்லாமல் நாட்டை விட்டுப் போகக் கூடாது. போனால் பதவியைத் தானாகவே விட்டுப் போனதாகக் கருதிக் கடிதம் வரும், அதற்குப் பிறகு பென்ஷன் பற்றிப் பேசுவதே கஷ்டம். 2022 ஜூனில், டொலர் தட்டுப்பாட்டு நேரத்தில், பொது நிர்வாக அமைச்சு 14/2022 என்ற சுற்றறிக்கையை வெளியிட்டது. அரச ஊழியர்கள் சிரேஷ்டத்துவத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பில்லாமல் 5 வருடம் வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போகலாம் என்பதுதான் அதன் சாரம். அதன் பிறகு திருத்தங்கள் வந்தன, ஆசிரியர்களுக்கு ஆளணி நிலவரத்தையும் பார்க்கிறார்கள். உயர்தரக் கணிதம், விஞ்ஞானம் படிப்பிக்கிறவரை ஒரு அதிபர் சும்மா விட்டுவிட மாட்டார், அவருக்குப் பதில் ஆள் வேண்டும். ஆகவே பழைய சுற்றறிக்கையை வட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு டிக்கெட் போடாமல், இன்றைய தேதிக்கு எது நடைமுறையில் இருக்கிறது என்று வலயக் கல்வி அலுவலகத்தின் தாபனக் கிளையில் (ஊழியர் விஷயங்களைப் பார்க்கும் பிரிவு) கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, சுற்றறிக்கை இலக்கத்தைக் குறித்து வாங்குங்கள்.

விண்ணப்பம் போகும் பாதை: அதிபர், வலயக் கல்விப் பணிப்பாளர், மாகாணக் கல்வித் திணைக்களம், அதற்கு மேலே மாகாணக் கல்வி அமைச்சு, பிரதம செயலாளர் அலுவலகம் என்று ஏறும். வெளிநாட்டு லீவுக்கான படிவம் பொது 126. திருகோணமலையில் இருக்கும் நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. கிழக்கு மாகாணத்தின் தலைமை அலுவலகங்கள் எல்லாம் திருகோணமலை நகரத்துக்குள்ளேயே இருக்கின்றன, மட்டக்களப்பு, அம்பாறை ஆட்கள் பைலைத் தேடி இங்கே வர வேண்டும், நாம் பள்ளி விட்ட பிறகு ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிடலாம். போய்ப் பார்க்கவும் வேண்டும், பைல் தானாக நடக்காது. தேசிய பாடசாலையில் இருக்கிறவர்களுக்கு இந்த வசதி இல்லை, அவர்களது பைல் பத்தரமுல்லை இசுருபாயவிலுள்ள மத்திய கல்வி அமைச்சுக்குப் போகும்.

லீவு கேட்க முன்னர் உங்கள் தலையில் இருக்கும் கடன்களையும் பாருங்கள். இடர் கடன், வங்கிக் கடன், அதற்குப் பிணை நின்றவர்கள், பயிற்சிக்காகக் கையெழுத்து வைத்த பொண்ட் (சேவை ஒப்பந்தம்), விதவைகள் அநாதைகள் ஓய்வூதியப் பங்களிப்பு, எல்லாவற்றுக்கும் சம்பளம் நின்ற பிறகு யார் கட்டுவது என்று எழுத்தில் ஒரு ஏற்பாடு கேட்பார்கள். பிணை நின்ற டீச்சரிடம் சொல்லாமல் பறந்துவிட்டு, அவருடைய சம்பளத்தில் வெட்டு விழ வைக்கிற ஆட்களும் ஊரில் இருக்கத்தான் செய்கிறார்கள்.

சரி, இனிக் கல்விச் சான்றிதழ்கள். இங்கேதான் நேரம் அதிகமாகப் போகிறது.

வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவு உங்கள் பட்டச் சான்றிதழில் முத்திரை குத்துகிறது என்றால், நீங்கள் நல்லாகப் படித்தவர் என்று அது சொல்லவில்லை. சான்றிதழில் கையெழுத்து வைத்த அதிகாரியின் கையெழுத்து உண்மையானது என்று மட்டுமே சொல்கிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் விளங்கிவிடும். அவர்களிடம் மாதிரிக் கையெழுத்து இருக்கும் அதிகாரி ஒப்பமிட்ட கடதாசிக்குத்தான் அவர்கள் முத்திரை போடுவார்கள். அதனால் சாதாரண தரம், உயர்தரப் பெறுபேறுகளை முதலில் பரீட்சைத் திணைக்களத்திலிருந்து உறுதிப்படுத்தி எடுக்க வேண்டும், இதற்கு ஒன்லைனில் விண்ணப்பிக்கலாம். பட்டச் சான்றிதழும் பாடவாரியான புள்ளி விபரமும் பல்கலைக்கழகப் பதிவாளர் பக்கமிருந்து வர வேண்டும். கல்வியியற் கல்லூரியில் எடுத்த தேசிய கற்பித்தல் டிப்ளோமாவும் அப்படித்தான், வழங்கிய இடத்திலிருந்து தொடங்க வேண்டும். சமாதான நீதவான் 'உண்மைப் பிரதி' என்று சீல் அடித்த போட்டோ கொப்பியைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதிபர் கையெழுத்துப் போட்ட கொப்பிக்கும் அதே கதிதான்.

அந்த முத்திரைக்கு இப்போது கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. பத்தரமுல்லையிலுள்ள சுகுருபாயவில் தலைமைப் பிரிவு இருக்கிறது, யாழ்ப்பாணம், கண்டி, மாத்தறை போலத் திருகோணமலையிலும் ஒரு பிராந்தியக் கொன்சியூலர் அலுவலகம் உண்டு. போவதற்கு முன் தொலைபேசியில் ஒருமுறை கேட்டுவிட்டுப் போங்கள், உங்களுடைய குறிப்பிட்ட சான்றிதழை அங்கேயே செய்யலாமா, முதலில் வேறு இடத்தில் உறுதிப்படுத்தி வர வேண்டுமா என்று. நகரத்தில் இருக்கிறவருக்கு இரண்டு தடவை போய்வந்தாலும் பரவாயில்லை, வெருகலிலிருந்தோ கோமரங்கடவலையிலிருந்தோ வருகிறவருக்கு ஒரு கோல் ஒரு நாளை மிச்சம் பிடிக்கும்.

அப்புறம் அந்தந்த நாட்டுத் தூதரகம். ஐக்கிய அரபு இராச்சியத்துக்குப் போகிறவருடைய பட்டச் சான்றிதழ் நமது அமைச்சின் முத்திரைக்குப் பிறகு கொழும்பிலுள்ள அவர்களுடைய தூதரகத்துக்குப் போகும், அங்கே போய் இறங்கிய பின் அவர்களுடைய வெளிநாட்டமைச்சும் ஒரு முத்திரை போடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் காசு. ஆகவே எந்த நாடு என்று நிச்சயமாகாமல் தூதரக முத்திரைக்குச் செலவழிக்க வேண்டாம். நமது அமைச்சின் முத்திரை வரைக்கும் முன்கூட்டியே செய்து வைத்தால் எந்த நாட்டுக்கும் உதவும்.

பெயர். நம்முடைய ஆட்களுக்கு இது ஒரு பெரிய தலையிடி. பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் முதலெழுத்து மட்டும், பட்டத்தில் ஆங்கில எழுத்துக் கூட்டல் இன்னொரு மாதிரி, கடவுச்சீட்டில் எல்லாம் விரிந்து நீண்டு கிடக்கும், கல்யாணமான டீச்சர்மாருக்குக் கணவர் பெயரும் நடுவில் வந்துவிடும். அங்குள்ள கணினி இரண்டு எழுத்து மாறினாலும் இரண்டு ஆள் என்றே எடுக்கும். முடிந்தவரை கடவுச்சீட்டை அடிப்படையாக வைத்து மற்றவற்றை அதற்கு ஒத்துப்போகச் செய்யுங்கள். திருத்த முடியாத இடத்தில், இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்து, அதையும் ஆங்கிலத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் இருக்கும் பிறப்பு, விவாகச் சான்றிதழ்களைச் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளர்தான் மொழிபெயர்க்க வேண்டும். அவரிடம் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் கொப்பியையும் கையில் கொடுங்கள், இல்லாவிட்டால் அவர் தன் காதுக்குக் கேட்டபடி எழுத்துக் கூட்டிவிடுவார்.

மூதூர், சம்பூர்ப் பக்கத்தில் 2006 இடப்பெயர்விலும் அதற்கு முன் 1990இலும், கரையோரத்தில் 2004 சுனாமியிலும் சான்றிதழைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர். பதிவு கணினியில் ஏறியிருந்தால் பிறந்த ஊரின் பிரதேச செயலகத்துக்கே போக வேண்டியதில்லை, பக்கத்திலுள்ள பிரதேச செயலகத்திலும் பிரதி எடுக்கலாம். பதிவுப் புத்தகமே அழிந்துபோயிருந்தால் உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற வழி இருக்கிறது, ஆனால் அதற்குக் காலம் எடுக்கும், வேலை கிடைத்த பிறகு தொடங்கினால் பிந்திவிடும்.

பொலிஸ் அறிக்கைக்கும் இந்த இடப்பெயர்வுக் கதை வந்து ஒட்டும். பிள்ளைகளோடு வேலை செய்கிறவர் என்பதால் எல்லா நாட்டிலும் ஆசிரியரிடம் இதைக் கேட்பார்கள். ஒன்லைனில் விண்ணப்பிக்கலாம். நீங்கள் எழுதும் ஒவ்வொரு முகவரிக்கும் உரிய பொலிஸ் நிலையத்தில் விசாரிப்பார்கள், ஆகவே எந்தக் காலத்தில் எங்கே இருந்தீர்கள் என்பதை நிதானமாக யோசித்து எழுதுங்கள், முகாமிலோ உறவினர் வீட்டிலோ இருந்த காலத்தை மறைத்துவிட்டு இடைவெளி விடாதீர்கள். இதை எல்லாவற்றுக்கும் முதலில் எடுத்து வைக்கவும் வேண்டாம், பழைய திகதியிட்ட அறிக்கையைப் பள்ளிக்கூடங்கள் ஏற்பதில்லை. வேலை உறுதிக் கடிதம் கையில் வந்ததும் விண்ணப்பிப்பதுதான் அளவான நேரம்.

இனி நாட்டுக்கு நாடு என்ன வித்தியாசம் என்று பார்ப்போம்.

மாலைதீவுக்கு நம்மவர்கள் பலர் போகிறார்கள். கிட்ட இருக்கிறது, சாப்பாடு பிரச்சினை இல்லை. அங்கே நீங்கள் விமானம் ஏற முன்னரே வேலை அனுமதிக் கடிதம் வந்திருக்க வேண்டும். அதில் உங்கள் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், பதவி, வேலை தருபவர் பெயர் இருக்கும், ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். போய் இறங்கி 15 நாளுக்குள் மருத்துவப் பரிசோதனை முடித்து வேலை அனுமதி அட்டைக்கான வேலைகளைச் செய்ய வேண்டும், அந்தக் கட்டணங்கள் வேலை தருபவர் கட்ட வேண்டியவை. மாலைதீவு எல்லா நாட்டவருக்கும் இறங்கியவுடன் 30 நாள் சுற்றுலா விசா கொடுக்கும் நாடு. இந்த வசதியை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள்: "நீங்கள் சும்மா வாருங்கள் டீச்சர், வந்த பிறகு மாற்றிக்கொள்வோம்". சுற்றுலா விசாவில் வகுப்பெடுப்பது சட்டவிரோதம், பிடிபட்டால் திருப்பி அனுப்பப்படுவது நீங்கள்தான். அப்படிக் கூப்பிடும் பள்ளிக்கூடத்தை அந்த இடத்திலேயே மறந்துவிடுங்கள் என்பேன்.

கட்டாருக்கு வேலை விசா என்றால் கொழும்பில் 2018இல் திறந்த கட்டார் விசா நிலையத்துக்குப் போக வேண்டும். கைரேகை, மருத்துவப் பரிசோதனை, ஒப்பந்தத்தில் கையெழுத்து மூன்றும் அங்கேயே முடிகிறது. கையெழுத்து வைக்க முன் ஒப்பந்தத்தின் சம்பளத்தை உங்களுக்கு வந்த வேலைக் கடிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், குறைந்திருந்தால் கையெழுத்து வைக்காமல் எழும்பி வர உங்களுக்கு உரிமை இருக்கிறது. சவூதி, குவைத்துக்கு 'வாபித்' என்ற மருத்துவப் பரிசோதனைப் பதிவு இணையத்தளத்தில் பதிந்து, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிலையத்தில் பரிசோதனை. டுபாயில் போன பிறகுதான் பரிசோதனையும் அடையாள அட்டையும். ஆனால் அங்கே ஆசிரியர் நியமனத்துக்குத் தனியாக ஒரு கல்வி அதிகார சபை ஒப்புதல் தர வேண்டும், உங்கள் பட்டம் நீங்கள் படிப்பிக்கும் பாடத்தோடு பொருந்துகிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள். வணிகப் பட்டத்தோடு ஆங்கிலம் படிப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால், அந்த ஒப்புதலை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.

ஏஜென்சி மூலம் போகிறீர்கள் என்றால், இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திர இலக்கம் இல்லாத எவரும் ஆட்சேர்ப்புச் செய்ய முடியாது, 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். பணியகத்தின் இணையத்தளத்தில் ஏஜென்சியின் பெயரைத் தேடலாம், 1989க்கு அழைத்தும் கேட்கலாம். அனுமதிப்பத்திரம் செல்லுபடியாக இருப்பது மட்டும் போதாது, அந்த நாட்டுக்கு, அந்த ஆசிரியர் வேலைக்கு அவர்கள் அனுமதி எடுத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். கடவுச்சீட்டின் மூலப்பிரதியை முற்பணத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வருவது, அதுவும் ரசீது இல்லாமல், எனக்கு இன்றும் விளங்காத ஒரு துணிச்சல்.

பணியகப் பதிவு கடைசியில் வருகிறது, விசாவும் ஒப்பந்தமும் கையில் வந்த பின், விமானம் ஏற முன். பட்டதாரி ஆசிரியர், நானே தேடிய வேலை, எனக்கு எதற்குப் பணியகம் என்று பலர் நினைக்கிறார்கள். வேலைக்காகப் போகும் எல்லோருக்கும் பதிவு கட்டாயம், ஏஜென்சி இல்லாமல் போகிறவர் சுயமாகப் பதியலாம். வேலை விசாவோடு போகிறவரிடம் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இதைக் கேட்பார்கள், அந்த நேரத்தில் வாதாடி வேலையில்லை. பதிவோடு காப்புறுதியும் சேர்ந்து வருகிறது, அங்கே ஏதும் நடந்தால் தூதரகமும் பணியகமும் உங்கள் பெயரைத் தேடுவது இந்தப் பதிவை வைத்துத்தான். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர் தன் பிரதேச செயலகத்திலுள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரைச் சந்திக்கலாம், அவர் இருப்பதே இதற்குத்தான்.

பதிவு செல்லுபடியாகும் காலம் 2 வருடம். அதே பள்ளிக்கூடத்தில் ஒப்பந்தத்தை நீடித்துவிட்டு லீவில் ஊருக்கு வருகிறவர்கள், திரும்பிப் போகும் டிக்கெட்டின் திகதியையும் பதிவு முடியும் திகதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், முடிந்திருந்தால் புறப்பட முன் புதுப்பிக்க வேண்டும். அரசாங்க ஆசிரியர் என்றால் லீவு முடியும் திகதியையும் அதோடு சேர்த்துப் பாருங்கள், நீடிப்புக்கான விண்ணப்பம் அந்தத் திகதிக்கு முன்னரே வலயத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.